2019-இல் இல்லாத வரி

அத்தியாயம் 6

பதினோரு வினாடி ஓடிய வீடியோவில் யஷ்வந்த் ஏழு அடி வாங்கினான். ஏழாவது அடியில் அவனுடைய முன்பல் ஒன்று தெறித்துத் தரையில் கிடந்த பஞ்சுக் குப்பையில் விழுந்தது. யாரோ அதைச் செருப்பால் ஓரமாகத் தள்ளினார்கள். அத்துடன் வீடியோ முடிந்தது. கீழே ஒரு செய்தி. 'தீபக் செத்தது ரெண்டு மணிக்கு. இன்னைக்கு ரெண்டு மணிக்கு உங்க பையனும் அதே பிரஸ்ஸுக்குள்ள. போலீஸ் வண்டி தெரிஞ்சா ரெண்டு மணி வரைக்கும் காத்திருக்க மாட்டோம்.'

காந்திபுரத்தில் ஒரு செல்போன் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்தத் துப்பறியும் ஆபீஸ். யஷ்வந்தின் அம்மா வரலட்சுமி போனை மேஜைமேல் வைத்துவிட்டு, சூடு பட்டவர் போலக் கையை இழுத்துக்கொண்டார். அவர் அழவில்லை. அழுதால் நேரம் போய்விடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்று ஐந்து.

மேஜைக்கு அந்தப் பக்கம் நஞ்சுண்டன். வயது ஐம்பத்திரண்டு, வழுக்கை, தீராத நெஞ்செரிச்சல். இருபது வருஷம் மில் விபத்துகளைப் போய்ப் பார்த்து இன்சூரன்ஸுக்கு அறிக்கை எழுதிய ஆள். ஒரு அறிக்கையில் உண்மையை எழுதித் தொலைத்ததால் வேலை போய், துப்பறியும் தொழிலுக்கு வந்தவர். அவருக்குப் பக்கத்தில் நின்றவள் உதவியாளர் ரம்ஷா, உக்கடத்துப் பெண், பி.சி.ஏ. மூன்று சாப்ட்வேர் கம்பெனிகளில் வேலை பார்த்தாள். மூன்றிலும் அவளுடைய வேலை நன்றாகத்தான் இருந்தது. வாய்தான் யாருக்கும் ஒத்துவரவில்லை.

வரலட்சுமி சொன்னது இதுதான். 2019-இல் யஷ்வந்த், வெள்ளகோவில் ஈஸ்வரமூர்த்தியின் மில்லில் கழிவுப் பஞ்சை அழுத்தி மூட்டை மூட்டையாகப் பேல் கட்டும் பிரஸ்ஸுக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிக் கொடுத்தான். கதவு திறந்திருந்தால் பிரஸ் அசையாது. ஆள் உள்ளே இருந்தாலும் ஆபத்தில்லை. புரோகிராமே அதற்குத்தான். அந்த வேலைக்குப் போன இடத்தில் முதலாளியின் மகள் ரித்திகாவும் அவனும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். விஷயம் தெரிந்த அண்ணன் தீபக், மில் கேட்டில் வைத்து யஷ்வந்தின் தோள்பட்டை எலும்பை உடைத்து அனுப்பினான். கீழே கிடந்தபடியே யஷ்வந்த், இந்த மெஷினே உங்களைக் கேக்கும் என்று கத்திவிட்டான். வயிற்றெரிச்சலில் சொன்ன வார்த்தை. பத்துப் பேர் கேட்டிருந்தார்கள்.

மூன்று நாளுக்கு முன்னால், சென்னையிலிருந்து ஊருக்கு வந்திருந்த தீபக், பிரஸ்ஸுக்குள் சிக்கிய பஞ்சை எடுக்க இறங்கினான். கதவு திறந்தே இருந்தது. மகன் உள்ளே இருப்பது தெரியாமல் பட்டனை அமுக்கியது அவனுடைய அப்பா ஈஸ்வரமூர்த்தியேதான். வெளியே ஏற்றுமதி லாரி நின்றது, அவசரம். கதவு திறந்திருந்தும் பிரஸ் இறங்கிவிட்டது.

"என்ற பையன் அந்த மாதிரி எழுதறவன் இல்லைங்க," என்றார் வரலட்சுமி. "ஆனா அந்தப் புரோகிராமுல ஏதோ வரி கண்டுபிடிச்சிருக்கறாங்க. ஒறம்பரை குரூப்புல, சொந்தக்காரங்க போன்ல எல்லாம் சுத்துது. இவனைக் காலைல வேலைக்குப் போற வழியில கார்ல தூக்கிப் போட்டுட்டுப் போயிட்டாங்க."

அந்த வரிகளின் போட்டோவும் அவர் போனில் இருந்தது. ரம்ஷா அதையும் வீடியோவையும் தனக்கு அனுப்பிக்கொண்டாள். வெள்ளகோவில் தொண்ணூறு கிலோமீட்டர். நஞ்சுண்டன் இரண்டு ஜெலுசிலை வாயில் போட்டு மென்றுகொண்டே படியிறங்கினார்.

அவருடைய பழைய ஆல்டோ சூலூர் தாண்டும்வரை ரம்ஷா வாய் திறக்கவில்லை. அது நடக்காத காரியம் என்பதால் நஞ்சுண்டன் இரண்டுமுறை திரும்பிப் பார்த்தார். அவள் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, அரிசியில் கல் பொறுக்குவது மாதிரி ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புரோகிராம் பைத்தான் மொழியில் இருந்தது. முதல் முப்பது வரி சுத்தமாக, நிதானமாக எழுதப்பட்டிருந்தது. கடைசியில் ஏழு வரி. ஐம்பதாயிரம் பேல் ஆன பிறகு, கதவு திறந்திருக்கிறதா என்று பார்க்காதே, இறங்கு என்று அந்த ஏழு வரி சொல்லியது. மேலே ஃபைலின் தேதி, 2019 ஆகஸ்ட் 14. தோள்பட்டை உடைந்த மறுநாள்.

கொலைகாரன்தான் போலிருக்கிறது என்றார் நஞ்சுண்டன்.

"அவசரப்படாதீங்க சார். இந்த பைத்தான் இருக்கே, அது நம்ம வீட்டுப் பசங்க தீபாவளிக்குத் துணி எடுக்கற மாதிரி. வருஷா வருஷம் அக்டோபர் வாக்குல புதுசா ஒன்னு உடுத்திக்கிட்டு வரும். எழுத்துக்கு முன்னால ஒரு எஃப் போட்டு எழுதறது 2016 கடைசியில வந்துச்சு. கோலனும் சமக்குறியும் ஒட்டின குறி ஒன்னு 2019 அக்டோபர்ல வந்துச்சு. அது வேணும் வேண்டாம்னு படிச்சவங்களே அடிச்சுக்கிட்டாங்க. போட்டோவைப் பார்த்தாலே அது எந்த தீபாவளின்னு சொல்லலாம்ல, அந்த மாதிரி ஒரு வரி எந்த வருஷத்துக்கு அப்புறம் எழுதினதுன்னு சொல்லலாம்."

"இது எந்த தீபாவளி?"

மேல் முப்பது வரியில் 2018-க்குப் பிறகு வந்த எதுவும் இல்லை என்றாள் ரம்ஷா. யஷ்வந்த் பழைய ஆள், இஃப் இஃப் என்று பொறுமையாக அடுக்கியிருக்கிறான். அவள் கீழே உள்ள ஏழு வரியைப் பெரிதாக்கிக் காட்டினாள். மேட்ச் என்று ஆரம்பித்து, கேஸ் கேஸ் என்று இறங்கியது.

"இந்த மேட்ச் கேஸ் பைத்தானுக்கு வந்ததே 2021 அக்டோபர்ல சார். 2019-ல இதை எழுதினேன்னு யாராவது சொன்னா, அவரு ரெண்டு வருஷம் முன்கூட்டியே தீபாவளி கொண்டாடியிருக்காரு."

நஞ்சுண்டன் காரை ஓரம் கட்டவில்லை. ஆனால் வேகம் தானாகக் குறைந்தது. ஃபைலின் தேதியை மாற்ற முடியுமா என்று கேட்டார். பல் தேய்க்கிற நேரத்தில் மாற்றலாம் என்றாள். அப்படியானால் மாற்றியவன் ஏன் பழைய மாதிரியே எழுதவில்லை?

"அவனுக்கு அது புதுசுன்னே தெரியாது. 2022-க்கு அப்புறம் காலேஜ்ல படிச்சவன். பிறக்கும்போதே வீட்ல ஃபிரிட்ஜ் இருந்தவன்கிட்ட, அது எந்த வருஷம் வாங்கினதுன்னு கேட்டா முழிப்பான்ல. அவன் வாத்தியார் முதல் செமஸ்டர்லயே மேட்ச் கேஸ் சொல்லிக் கொடுத்திருப்பாரு. ஆதி காலத்துல இருந்து அது இருக்குன்னு நினைச்சுட்டான்."

நல்ல பதில். நஞ்சுண்டனுக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மகனைப் பறிகொடுத்து மூன்று நாளாகச் சாப்பிடாத ஒரு மனிதரிடம் போய் வெர்ஷன் கதை சொன்னால் அடுத்த அடி யாருக்கு விழும் என்பதிலும் அவருக்குச் சந்தேகமில்லை. கண்ணால் பார்க்கிற மாதிரி ஏதாவது வேண்டும் என்றார். பல்லடம் போனது, காங்கேயம் போனது. அந்த ஏதாவது மட்டும் கிடைக்கவில்லை.

வெள்ளகோவிலுக்கு நான்கு கிலோமீட்டர் முன்னால், மில்லுக்குத் திரும்பும் மண் ரோட்டில் ஒரு டிராக்டர் குறுக்கே நின்றது. அதன்மேல் இரண்டு பேர். பெரியவன் இறங்கி வந்து, இன்னைக்கு மில் லீவு, திரும்பிப் போங்க என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். கையில் இருந்த பெரிய ஸ்பேனருக்கு அந்த மரியாதை இல்லை.

இன்சூரன்ஸ் என்றார் நஞ்சுண்டன். அவன் குனிந்து உள்ளே பார்த்தான். ரம்ஷாவின் மடியில் இருந்த போனில், பாதியில் நிறுத்திய வீடியோவில் யஷ்வந்தின் முகம் அப்படியே நின்றிருந்தது. அதை அணைக்காமல் வந்தது நம் ஆட்களின் மடத்தனம். அவன் ஸ்பேனரை ஓங்கி முன்கண்ணாடியில் போட்டான். கண்ணாடி பொரியாக உதிர்ந்தது. நஞ்சுண்டன் தன் கதவை முழு பலத்தோடு உதைத்துத் திறந்தார். கதவின் விளிம்பு அவன் முழங்காலில் பட்டு ஏதோ விட்டுப்போன சத்தம் கேட்டது. அவன் விழுந்ததும் நஞ்சுண்டன் அவன் கையை மிதித்து, ஸ்பேனரை எடுத்து அவன் காதோரம் ஒன்று வைத்தார். மறுபக்கம் சின்னவன் ரம்ஷாவின் முடியைப் பிடிக்க ஜன்னலுக்குள் கையை விட்டிருந்தான். அவள் கண்ணாடியைச் சுற்றி ஏற்றி, மணிக்கட்டை நெரித்துப் பிடித்துக்கொண்டு, தன் சாவிக்கொத்தால் அவன் விரல்களை ஒவ்வொன்றாகக் குத்தினாள். நான்காவது விரலில் அவன் அழ ஆரம்பித்தான்.

"பேர் என்னங்க தம்பி? ஆஸ்பத்திரியில எழுதணும்ல," என்றாள்.

டிராக்டரை நகர்த்திக் கொடுத்தவனும் அவன்தான், இடது கையால். மணி ஒன்று முப்பத்தெட்டு.

பேல் குடோனில் பஞ்சுத் தூசி வெளிச்சத்தில் மிதந்துகொண்டிருந்தது. நடுவில் பிரஸ். ஆள் உயர இரும்புப் பெட்டி, முன்னால் ஒரு கதவு. மேலே ஒரு தடித்த தகடு. பட்டனை அமுக்கினால் தகடு இறங்கி, உள்ளே இருப்பதையெல்லாம் இடுப்பளவுக்கு நசுக்கிவிடும். மற்ற நாட்களில் உள்ளே இருப்பது பஞ்சு. இன்று யஷ்வந்த், கை கால் கட்டிய நிலையில், ரத்தம் கோழையோடு சேர்ந்து வாயிலிருந்து வழிய, சுவரில் சாய்ந்து கிடந்தான். கேட்டில் காவலுக்கு நின்ற ஒருவன் ஓடி வந்து நஞ்சுண்டனின் விலாவில் கட்டையால் இறக்கினான். அவர் மடங்கினார். மடங்கியபடியே, உங்க பையன் கேஸைப் பத்தி எனக்குத் தெரியும், கேட்டுப்போட்டு அடிங்க என்று சத்தமாகச் சொன்னார்.

ஈஸ்வரமூர்த்தி கையைத் தூக்கினார். அடி நின்றது.

அறுபது வயது. வெள்ளைச் சட்டை, மூன்று நாள் தாடி. பட்டன் பெட்டிமேல் ஒரு கை, மறு கையில் பேல் கட்டும் இரும்புக் கம்பி. பக்கத்தில் கையில் லேப்டாப்போடு ஒருவன் நின்றான். ஈஸ்வரமூர்த்தியின் மனைவி நாச்சியம்மாளுக்கு அண்ணன் மகன் கவின், இருபத்திமூன்று வயது, போன வருஷம்தான் படிப்பு முடித்து மில்லில் கம்ப்யூட்டர் வேலையெல்லாம் பார்க்கிறவன். அந்த ஏழு வரியைக் கண்டுபிடித்ததும் அவன்தான்.

"ஏனுங்க, நீங்க யாரா இருந்தாலும் சரி," என்றார் ஈஸ்வரமூர்த்தி. "என்ற கையாலயே என்ற பையனைக் கொல்ல வெச்சுப்போட்டானுங்க இவன். ஆறு வருசமா உள்ள ஒளிச்சு வெச்சு. இதுக்கு மேல என்னத்தக் கேக்கோணும்?"

நஞ்சுண்டன் ஒரு கேள்விதான் கேட்டார். பிரஸ்ஸின் கம்ப்யூட்டரை இதுவரை யார் யார் திறந்தார்கள்?

யாருமில்லை என்றார் ஈஸ்வரமூர்த்தி, அந்த நிலையிலும் ஒரு பெருமையோடு. ஓடுகிற மெஷினைத் தொடக்கூடாது என்பது அவர் மில்லின் சட்டம். கம்ப்யூட்டர் இருக்கும் இரும்புப் பெட்டியை 2019-லேயே பூட்டி, சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டவர். வருஷத்துக்கு ஒருநாள், ஆயுத பூஜைக்குத் திறந்து சந்தனம் குங்குமம் வைத்துப் பூட்டுவார். நெட் கிடையாது, அப்டேட் கிடையாது. தீபக் இறந்த அன்று சாயங்காலம் கவின் பார்க்க வேண்டும் என்று கேட்டதால் ஒருமுறை திறந்தார். அவன் ஃபைலைப் பார்த்துக் காப்பி எடுத்துக்கொண்டான். மறுபடி பூட்டினார். ஃபைல் அப்படியே உள்ளே இருக்கிறது.

ரம்ஷாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. நஞ்சுண்டன் அவளைப் பேசவிடாமல் பிரஸ்ஸின் பக்கம் நடந்தார். இருபது வருஷம் விபத்து பார்த்த கால்கள் தானாகக் கதவு நிலைக்குப் போயின. கதவு மூடியிருக்கிறதா என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சின்ன ஸ்விட்ச் அங்கேதான் இருந்தது. கதவு மூடும்போது அதன் நாக்கு அமுங்கும். அவர் குனிந்து பலமாக ஊதினார். நிலையில் படிந்திருந்த பஞ்சுத் தூசி பறந்துபோனது. ஸ்விட்சைச் சுற்றி மட்டும் ஒரு விரல் அகலத்துக்குப் பஞ்சு பறக்காமல் ஒட்டிக்கொண்டிருந்தது. விரலை வைத்தார். பிசுபிசுத்தது. கோந்து.

இதை அவர் பல மில்களில் பார்த்திருக்கிறார். பார்த்ததை எழுதித்தான் வேலை போனது.

"கவின், ஐம்பதாயிரம் பேல் தாண்டியாச்சா?"

போன மாதமே தாண்டிவிட்டது என்றான் கவின்.

"அப்ப அந்த ஏழு வரி இப்பவும் வேலை செய்யும். கதவு திறந்திருந்தாலும் தகடு இறங்கும். சரிதானே?" என்று கேட்டுவிட்டு, நஞ்சுண்டன் செருப்பைக் கழற்றினார். சாவியையும் பர்ஸையும் ரம்ஷாவிடம் கொடுத்தார். விலா வலியில் முனகிக்கொண்டே பிரஸ்ஸுக்குள் ஏறி, யஷ்வந்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். "கதவு திறந்தே இருக்கட்டும். பட்டனை அமுக்குங்க. அந்த வரி நிஜம்னா ரெண்டு பேரும் போறோம். கேஸும் முடிஞ்சுடும்."

ரம்ஷா அருகில் வந்து, தான் பார்த்தது வெறும் போட்டோதான், தப்பாகவும் இருக்கலாம் என்று முணுமுணுத்தாள். அப்படியானால் ஆபீஸ் உனக்கு என்றார் அவர். வாடகை பாக்கியையும் சேர்த்தா என்று கேட்டாள்.

ஈஸ்வரமூர்த்தியின் பெருவிரல் பச்சைப் பட்டனுக்கு வந்தது. யஷ்வந்த் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முனகினான். அப்போதுதான் கவின் கத்தினான்.

"வேண்டாம் மாமா. கதவைச் சாத்திப்போட்டு அமுக்குங்க."

குடோனில் இருந்த எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். கதவைச் சாத்தினால் எந்த பிரஸ்ஸும் இறங்கும். அதற்கு யாரும் ரகசிய வரி எழுத வேண்டாம். தகடு இறங்கிவிடும் என்று மூன்று நாளாகச் சத்தியம் செய்தவன், இறங்காமல் போய்விடுமோ என்று பயந்தான்.

தான் சொன்னது என்ன என்று அவனுக்கும் புரிந்துவிட்டது. லேப்டாப்பைப் போட்டுவிட்டுப் பாய்ந்து கதவை இழுத்தான். நஞ்சுண்டனின் கால் நிலையில் நசுங்கியது. அவர் காலை இழுத்துக்கொண்டார். கதவு முக்கால்வாசி மூடிவிட்டது. ரம்ஷா தரையில் கிடந்த பேல் கொக்கியை எடுத்து இடுக்கில் செருகினாள். அவன் அவளுடைய முகத்தில் முழங்கையால் இடித்தான். மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. அவள் கொக்கியை விடவில்லை. மறு கையால் அவன் காதைப் பிடித்து முறுக்கி, அவன் நெற்றியை இரும்பு நிலையில் மோதினாள். இன்னொரு முறை மோதினாள். கதவு நாலு விரல் திறந்தபடி நின்றது.

அந்த நேரத்தில் ஈஸ்வரமூர்த்தி பட்டனை அமுக்கினார்.

ஒன்றும் நடக்கவில்லை. மோட்டார் உறுமியது, மேலே சிவப்பு விளக்கு எரிந்தது, தகடு இருந்த இடத்தில் இருந்தது. அவர் மறுபடி அமுக்கினார். மூன்றாவது முறை உள்ளங்கையால் அறைந்தார். தகடு அசையவில்லை.

நஞ்சுண்டன் கதவைத் தள்ளித் திறந்துகொண்டு யஷ்வந்தையும் இழுத்து வெளியே போட்டார். இரண்டு பேரும் பஞ்சுக் குப்பையில் மூச்சு வாங்கினார்கள்.

"யஷ்வந்த் எழுதினது இதைத்தான்," என்றார். "கதவு திறந்திருந்தா இறங்காது. இன்னைக்கு இறங்கலை. அப்ப மூணு நாளைக்கு முன்னாடி ஏன் இறங்குச்சு? இந்த ஸ்விட்ச்ல டேப் சுத்தியிருந்துச்சு. நாக்கு அமுங்கியே கிடந்துச்சு. கதவு எப்பவும் மூடியிருக்குன்னு கம்ப்யூட்டர் நம்பிக்கிட்டிருந்துச்சு. அந்த டேப்பைப் பிரிச்சது யாரு, எப்பப் பிரிச்சான்னு கவினைக் கேளுங்க."

ஈஸ்வரமூர்த்தி கேட்கவில்லை. இரும்புக் கம்பியை வீசினார். கவினின் இடது முன்கை, முழங்கைக்குக் கீழே, ஒரு புது இடத்தில் மடங்கியது. அவன் அலறிக்கொண்டு விழுந்தான். இரண்டாவது அடி தோளில். மூன்றாவதற்குக் கம்பி தலைக்கு மேலே போனது. நஞ்சுண்டன் பின்னாலிருந்து அவரைக் கட்டிப் பிடித்தார். வயதானவருக்கு எருமை பலம். இரண்டு பேரும் பிரஸ்ஸில் மோதிக் கீழே விழுந்தார்கள்.

"நீங்கதானுங்க மாமா சொன்னீங்க," என்று கவின் தரையில் கிடந்தபடி சொன்னான். "ஒவ்வொரு பேலுக்கும் கதவைச் சாத்திச் சாத்தி நேரம் போகுது, அந்தக் கதவு எழவை என்னமோ பண்ணித் தொலைன்னு. ஆடி மாசம். பண்ணிப்போட்டேன். வேலை பண்றவங்களுக்கெல்லாம் தெரியும், உள்ள எறங்க மாட்டாங்க. தீபக் மச்சானுக்குத் தெரியாதுங்க. அவரு கதவைத் தொறந்துட்டா ஒன்னும் ஆகாதுன்னு எறங்கிட்டாரு."

அதற்குமேல் அவன் அழுதுகொண்டே சொன்னதில் பாதி புரியவில்லை. தீபக்கை வெளியே எடுத்துக்கொண்டிருந்தபோதே அவன் டேப்பைப் பிரித்துவிட்டான். விஷயம் தெரிந்தால் மாமா தன்னைக் கொன்றுவிடுவார் என்று பயந்தான். பயம் தப்பில்லை என்று உடைந்த கையே சொன்னது. கேட்டில் யஷ்வந்த் கத்திய கதை மில்லில் எல்லோருக்கும் தெரியும். தன் லேப்டாப்பில் அந்த ஏழு வரியை எழுதித் தேதியை மாற்றினான். வேலை செய்கிறவர்கள் வாய் திறக்கவில்லை. கேட்டதற்கே கம்பி தூக்குகிற முதலாளியிடம் யார்தான் திறப்பார்கள்.

ஈஸ்வரமூர்த்தியின் கையிலிருந்த கம்பியை நஞ்சுண்டன் எடுத்தபோது அவர் தடுக்கவில்லை. ஆடி மாதம் தான் சொன்ன வார்த்தை அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. எனக்கு அந்த மனிதரைப் பிடிக்காது. ஆனால் அந்த முகத்தை இன்னொருமுறை பார்க்கச் சொன்னால் பார்க்க மாட்டேன்.

நஞ்சுண்டன் போலீஸுக்கும் ஆம்புலன்ஸுக்கும் போன் செய்தார். வரலட்சுமிக்கும் போட்டு, யஷ்வந்தின் வாயருகில் போனைப் பிடித்தார். முன்பல் போன வாயால் அவன் அம்மா என்று சொன்னான். அந்தப் பக்கத்தில் அதுவரை அழாத பெண் அழ ஆரம்பித்தார். ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்க முடியாத அளவுக்கு அவன் ரத்தம் கக்கினான். அவனைத் தூக்கி ஆல்டோவின் பின்சீட்டில் கிடத்தினார்கள். ரம்ஷா துப்பட்டாவால் மூக்கை அழுத்திக்கொண்டு முன்னால் ஏறினாள்.

கார் கிளம்புவதற்குள் ஈஸ்வரமூர்த்தி வந்துவிட்டார். அவளுடைய ஜன்னலுக்கு வந்து நின்றார். சட்டையெல்லாம் பஞ்சு.

"அம்மணி, நீ படிச்ச புள்ள," என்றார். "கவின் பொய்யே சொல்லியிருக்கட்டும். ஆனா அந்த வரி அன்னைக்கு உள்ள இருந்துருக்கும்னு சொல்லிப்போடு. எப்படியோ இருந்துச்சு, அன்னைக்கு ஒருநாள் மட்டும் ஓடுச்சுன்னு. ஊட்டுல தீபக்கோட அம்மா கேப்பா. நான் போய் என்னத்தைச் சொல்லுவேன்?"

ரம்ஷா அவரையே பார்த்தாள்.

"அன்னைக்குக் காலைல இருந்து எத்தனை பேல் போட்டீங்க?"

"முப்பத்தொன்னு."

"பூட்டி வெச்ச அந்தக் கம்ப்யூட்டர்ல இருக்கறது 2019-ல போட்ட பைத்தான். அதுக்கு மேட்ச்னா என்னன்னே தெரியாது. தெரியாத வரி ஒன்னு இருந்தாலும் அந்த மொழி மொத்த ஃபைலையும் தள்ளிடும், முதல் வரியைக்கூட ஓட்டாது. காலைல பிரஸ் கிளம்பியே இருக்காது. முப்பத்தொன்னுல ஒன்னுகூட விழுந்திருக்காது." அவள் துப்பட்டாவை இறக்கினாள். "அந்த வரி உள்ள இருந்திருந்தா, உங்க பையன் உயிரோட இருந்திருப்பாருங்க."

அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். நஞ்சுண்டன் வண்டியை எடுத்தார். கண்ணாடி இல்லாத முன்பக்கம் வழியாகக் காற்றும் தூசியும் அடித்தன. மண் ரோடு முடியும் இடத்தில் ரம்ஷா திரும்பிப் பார்த்தாள். ஈஸ்வரமூர்த்தி குடோன் பக்கமும் போகவில்லை, வீட்டுப் பக்கமும் போகவில்லை. கார் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.